கரண்ட் போய் வந்தபின் எஸ்க்யூலைட் திறக்கவில்லை என்றால்

கடலூர் முதுநகர் மீன் ஏலத்தில் எடை பதியும் ஆண்ட்ராய்டு கருவியோ, பரங்கிப்பேட்டைப் பக்கம் இறால் குட்டையில் ஆக்சிஜன் அளவைக் குறித்துவைக்கும் ராஸ்பெர்ரி பை என்ற சிறு கணினியோ, உள்ளே கணக்கு வைப்பது பெரும்பாலும் எஸ்க்யூலைட் என்ற சிறிய டேட்டாபேஸ் மென்பொருள்தான். ஐப்பசி, கார்த்திகை மழையில் கரண்ட் போவதும் வருவதுமாக இருக்கும். ‘டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்டு’ (டேட்டாபேஸ் ஃபைல் சிதைந்திருக்கிறது) என்ற வரி அப்போதுதான் வந்து நிற்கும்.

உடனே ரிப்பேரில் இறங்காதீர்கள். ஆப்பை நிறுத்திவிட்டு, டேட்டாபேஸ் இருக்கும் ஃபோல்டரை முழுசாக வேறிடத்துக்கு நகலெடுங்கள். ராஸ்பெர்ரி பையில், மாற்றங்களை முதலில் தனி ஃபைலில் எழுதும் டபிள்யூஏஎல் முறை போட்டிருந்தால், மெயின் ஃபைலான குட்டை.டிபி உதாரணத்துக்கு 200 கேபிதான் இருக்கும். அதே பெயரோடு ‘-டபிள்யூஏஎல்’ ஒட்டிய ஃபைல் 3 எம்பியைத் தாண்டியிருக்கும். ராத்திரி பதிவானதெல்லாம் அதில்தான் கிடக்கிறது. சொந்தமாக மாற்றி அமைக்காதவரை, ஓடிக்கொண்டிருக்கும்போது 1000 பக்கம் (ஃபைலைப் பிரித்துவைக்கும் சம அளவுத் துண்டு) சேர்ந்த பிறகே எஸ்க்யூலைட் அதை மெயின் ஃபைலில் இறக்கும். பக்கத்துக்கு 4096 பைட் வீதம் சுமார் 4 எம்பி. குப்பை என்று நினைத்து அதை அழித்தால் அந்தப் பதிவுகள் போச்சு. பழைய முறையில் ஓடும் டேட்டாபேஸில் ‘-ஜர்னல்’ ஃபைல் இருக்கும். அதை அழிப்பது இன்னும் மோசம்: பாதியில் நின்ற மாற்றத்தைத் திரும்ப எடுக்கத் தேவையான பழைய பக்கங்கள் அதில்தான் உள்ளன.

அடுத்து பிழை எண்ணைப் பாருங்கள். 13 என்றால் இடம் தீர்ந்துவிட்டது. 14 வந்தால் பாதை தப்பு, அல்லது அந்த ஃபோல்டரில் எழுத அனுமதி இல்லை. ஃபைலுக்கு மட்டும் அனுமதி கொடுத்தால் போதாது, பக்கத்தில் ஜர்னலையும் உருவாக்கியாக வேண்டும். 8 திடீரென்று வந்தால் கெர்னல் லாக்கை, அதாவது லினக்ஸ் தன் கோளாறுகளைக் குறித்துவைக்கும் பதிவைத் திறங்கள். எஸ்டி கார்டில் கோளாறு கண்டு லினக்ஸே அதை ‘படிக்க மட்டும்’ நிலைக்கு மாற்றியிருக்கலாம். ஐஓஎஸ்ஸில் போன் பூட்டியிருக்கும்போது மட்டும் 10 வந்தால், ஃபைலின் பாதுகாப்பு நிலையைச் சரிபாருங்கள்.

பிழை எண் 5 என்பது டேட்டாபேஸ் கெட்டதற்கான அறிகுறியே அல்ல; வேறொரு இணைப்பு எழுதிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். காத்திருக்கும் நேரம் இயல்பில் பூஜ்யம். ‘பிசி_டைம்அவுட்’டை 5000 மில்லிசெகண்டாக வையுங்கள். அப்படியும் 5 வருகிறதா? வாசிப்பில் தொடங்கிய டிரான்சாக்‌ஷன் (ஒன்றாகவே முடிய வேண்டிய வேலைத் தொகுப்பு) நடுவில் எழுதப் போகிறதா என்று தேடுங்கள். இடையில் வேறு இணைப்பு எழுதிவிட்டால் எவ்வளவு காத்தும் பயனில்லை. எழுதப்போகும் டிரான்சாக்‌ஷனை ‘பிகின் இம்மீடியட்’ என்றே தொடங்க வேண்டும்.

11 வந்தால் உண்மையான சேதம். நகலில் ‘இன்டெக்ரிட்டி_செக்’ என்ற சோதனையை ஓட்டுங்கள். இன்டெக்ஸில் (தேடலை வேகமாக்கும் அட்டவணை) வரிசை விடுபட்டதாக மட்டும் சொன்னால் ‘ரீஇன்டெக்ஸ்’ போதும். அதற்கு மேல் என்றால் எஸ்க்யூலைட் ஷெல்லின் (கட்டளை தட்டும் கருவி) ‘.ரெக்கவர்’ கட்டளை, 2019-இல் வந்த 3.29 பதிப்பிலிருந்து இது உண்டு. வெளிவரும் எஸ்க்யூஎல்லைப் புதிய ஃபைலில் ஏற்றுங்கள். எந்த டேபிளுக்கு உரியது என்று தெரியாத வரிசைகள் ‘லாஸ்ட்_அண்ட்_ஃபவுண்ட்’ டேபிளில் சேரும். அதைப் பார்க்காமல் வேலை முடிந்தது என்று விட்டுவிடாதீர்கள்.

ஆண்ட்ராய்டில் ஒரு பெரிய ஆபத்து இருக்கிறது. சேதம் தெரிந்தால் அதன் இயல்பான பிழை கையாளி டேட்டாபேஸ் ஃபைலையே அழித்துவிடும். ஆப் நன்றாகத் திறக்கும், உள்ளே எல்லாம் காலியாக இருக்கும். ஏலக் கணக்கு மாதிரி திரும்பக் கிடைக்காத தகவலுக்கு இது ஆகவே ஆகாது. சொந்தமாக ‘டேட்டாபேஸ்எரர்ஹேண்ட்லர்’ எழுதி, அழிப்பதற்குப் பதில் ஃபைல்களை வேறு பெயரில் ஒதுக்கிவைக்கச் செய்யுங்கள். ரூட் செய்யாத (முழு அதிகாரம் திறக்காத) போனில் வெளியீட்டு ஆப்பின் ஃபோல்டரை வெளியிலிருந்து எடுக்கப் பொதுவாக வழியில்லை. ஏற்றுமதி பட்டன் முதல் நாளே ஆப்பில் இருக்க வேண்டும்.

ராஸ்பெர்ரி பையில் மூலகாரணம் பெரும்பாலும் மின்சாரமும் கார்டும். கெர்னல் லாக்கில் ‘அண்டர்-வோல்டேஜ்’ வந்தால் மின்னழுத்தம் 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கியிருக்கிறது. உப்புக்காற்றில் பச்சை பூத்த யூஎஸ்பி பின், மெல்லிய நீளக் கேபிள், மலிவு சார்ஜர் மூன்றையும் மாற்றுங்கள். எழுதியது கார்டில் சேரும்வரை காத்திருக்கச் செய்யும் ‘சிங்க்ரனஸ்’ அமைப்பை ‘ஆஃப்’ செய்யவே கூடாது. டபிள்யூஏஎல் முறையில் ‘நார்மல்’ வைத்தால் கடைசிச் சில பதிவுகள் போகலாம், டேட்டாபேஸ் கெடாது. கார்டு ஒழுங்காக இருக்கும்வரை. ஒரு பதிவும் போகக்கூடாது என்றால் ‘ஃபுல்’. ஓடிக்கொண்டிருக்கும் ஃபைலை வெறுமனே காப்பி செய்வது பேக்கப் ஆகாது. முழு நகலைத் தனி ஃபைலில் எழுதும் ‘வேக்யூம் இன்டூ’ கட்டளையைப் போடுங்கள்.

குட்டையில் பொருத்துமுன் மேஜையில் வைத்து, எழுதிக்கொண்டிருக்கும்போதே பிளக்கை 20 தடவை பிடுங்குங்கள். ஒவ்வொரு தடவையும் ‘இன்டெக்ரிட்டி_செக்’ ‘ஓகே’ என்று சொன்ன கார்டை மட்டும் அனுப்புங்கள்.