ஏர்லைன் பேரு போட்ட ரேலி கார் மாடல் சேக்கணுமா, அதுவும் மலை மேல இருந்துக்கிட்டு

எங்க வீட்டுக்கு யாரு வந்தாலும் டிவிக்கு பக்கத்துல இருக்கற கண்ணாடி அலமாரிய பாத்துட்டு கேக்கற மொத கேள்வி ஒன்னுதான், "அலிட்டாலியான்னா ஃபிளைட் கம்பெனி ஆச்சே, அத ஏங்க கார்ல எழுதி வச்சிருக்காங்க?" கோத்தகிரில உக்காந்துக்கிட்டு இதுக்கு பதில் சொல்லி சொல்லி வாய் வலிச்சுப்போச்சு, அதான் எழுதியே வச்சிடலாம்னு. புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு எத வாங்கறது, எத பாத்து வாங்கறது, வாங்குனத நம்ம ஊரு பனியில இருந்து எப்படி காப்பாத்தறது, எல்லாத்தையும் சேத்தே சொல்லிடறேன்.

மொதல்ல ஒரு விஷயம் புரிஞ்சுக்கணும். லான்சியா ஸ்ட்ராடோஸ்னா அலிட்டாலியா பேர் போட்டு ஓடுன இத்தாலி ரேலி கார், "லான்சியா ஸ்ட்ராடோஸ் வாங்கினேன்"னு சொன்னா அது சேகரிப்புல பாதிதான். எந்த வருஷம், எந்த ரேலி, ஓட்டுனது யாரு, கதவுல என்ன நம்பர், இது நாலும் சொல்ல தெரிஞ்சாதான் அந்த மாடலுக்கு உயிரு. ஒரே பச்சை சிவப்பு வெள்ளை பெயிண்ட்டுல பத்து ஸ்ட்ராடோஸ் கடையில நிக்கும், பத்தும் வேற வேற கார், நமக்கு அந்த வித்தியாசம் தெரியலன்னா ஒரே கார பத்து தடவ வாங்குன மாதிரிதான் இருக்கும், வீட்டுல கேக்கறப்ப பதிலும் வராது.

அதனால ஆரம்பிக்கறவங்க அலிட்டாலியாவுல ஆரம்பிங்க. 1974-ல ஸ்ட்ராடோஸ் சிகரெட் கம்பெனி கலர்ல ஓடுச்சு, 1975-ல இருந்து இத்தாலி ஏர்லைன் அலிட்டாலியா ஸ்பான்சரா வந்து ஒட்டிக்கிச்சு, கார்ல அந்த பேரு வந்தது அதனாலதான். அந்த வருஷம் மான்டே கார்லோ ரேலிய சாண்ட்ரோ முனாரி ஜெயிச்சாரு, கார் நம்பர் 14, பக்கத்து சீட்டுல வழி சொல்றவரு மனுச்சி. 1976-ல மறுபடியும் முனாரி, நம்பர் 10, 1977-லயும் அவரேதான், நம்பர் 1, இந்த ரெண்டு தடவையும் கூட போனது சில்வியோ மைகா. ஆக மூணு வருஷம், மூணு கார், ஒரே டிரைவர், ஒரே ஏர்லைன். இந்த மூணையும் வரிசையா வச்சாலே ஒரு தட்டு ரெடி, பாக்கறவங்களுக்கு கதை சொல்லவும் சுலபம். எனக்கு இந்த மூணும் சேர ஆறு வருஷம் ஆச்சு, 1976 மட்டும் கையில சிக்கவே மாட்டேன்னுச்சு.

நாலாவதா ஒன்னு வேணும்னா 1976 சான்ரெமோ ரேலி. அதுல ரெண்டு ஸ்ட்ராடோஸ் கடைசி வரைக்கும் முட்டிக்கிட்டு போயி, முனாரிய வால்டகார்ட் நாலே நாலு செகண்டுல தோக்கடிச்சாரு. ரெண்டு பேரும் ஒரே டீம்! அந்த ரெண்டு காரையும் பக்கத்துல பக்கத்துல வச்சு பாருங்க, நான் சொல்ற "நம்பர் பாத்து வாங்குங்க"ங்கறது அப்பதான் புரியும்.

அப்புறம் ஸ்ட்ராடோஸ் மேல இருந்த சட்டைய கழட்டி தம்பிக்கு போட்டு விட்ட மாதிரி, 1978-ல அதே கலர் ஃபியட் 131 அபார்த்துக்கு போச்சு. ரெண்டும் ஒரே குடும்பம்தான், லான்சியாவ ஃபியட் 1969-லயே வாங்கிடுச்சு. ஸ்ட்ராடோஸ் பாக்க விண்வெளில இருந்து இறங்குன மாதிரி, உள்ள ஃபெராரி டினோ வி6 இன்ஜின், மொத்தமே ஐநூறு கார் கிட்ட தான் செஞ்சாங்க. 131 அப்படி இல்ல, ஆபீசுக்கு போற சதுர டப்பா கார், அத பிடிச்சு ரேலிக்கு தயார் பண்ணி விட்டாங்க. எனக்கென்னமோ அந்த டப்பா கார் மேலதான் பிரியம் ஜாஸ்தி, நம்ம ஊரு பிரீமியர் பத்மினி பாத்து வளந்த கண்ணுக்கு ஃபியட்டுன்னா தனி பாசம் இருக்கத்தான் செய்யும். 1978-ல மார்க்கு ஆலென் போர்ச்சுகல்லயும் ஃபின்லாந்துலயும் ஜெயிச்சாரு, வால்டர் ரோர்ல் கிரீஸ்ல அக்ரோபோலிஸ் ரேலிய ஜெயிச்சாரு, அந்த வருஷ உலக சாம்பியன்ஷிப்ல கம்பெனி பட்டமும் ஃபியட்டுக்கே. ஒன்னு கவனிங்க, 1977 ஃபியட் 131-னா நீலம் மஞ்சள்ல ஓலியோ ஃபியட்னு எழுதியிருக்கும், அது ஏர்லைன் வண்டி கிடையாது. விக்கறவங்க சில பேரு ரெண்டையும் போட்டு கொழப்பிடுவாங்க.

அலிட்டாலியா தவிர வேற ஏர்லைன் இல்லையான்னா இருக்கு. போர்ச்சுகல் ரேலிக்கு பேரே ஒரு காலத்துல டாப் ரேலிதான், டாப் அவங்க ஊரு ஏர்லைன். 1973-ல உலக சாம்பியன்ஷிப் ஆரம்பிச்ச வருஷம் அந்த ரேலிய ஆல்பின் ஏ110-ல ஜான் லூக் தெரியே ஜெயிச்சாரு. அந்த கார் உடம்பு நீலம்தான், ஏர்லைன் பேரு ரேலி பிளேட்டுல, அதாவது கார்ல மாட்டற போட்டி பேர் பலகையில, மட்டும் குட்டியா இருக்கும். அதையும் சேக்கலாமா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணுங்க, நான் சேத்துக்கிட்டேன்.

ஆனா நம்மாளுங்களுக்கு உண்மையிலயே நெருக்கமானது வேற ஒன்னு. 1977-ல சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் ஸ்பான்சர் பண்ணி லண்டன்ல இருந்து சிட்னி வரைக்கும் ஒரு ரேலி நடந்துச்சு, முப்பதாயிரம் கிலோமீட்டர் போல. ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான்னு வந்து, இந்தியாவுல நொழஞ்சு, நம்ம மெட்ராஸ்ல கப்பல் ஏறி பினாங்கு போச்சு அந்த கார் எல்லாம்! ஜெயிச்சது ஆண்ட்ரூ கோவன், மெர்சிடிஸ் 280ஈ. ரெண்டாவதும் மெர்சிடிஸ், மூணாவது சிட்ரோயன் சிஎக்ஸ்ல பேடி ஹாப்கிர்க். மெட்ராஸ் துறைமுகத்துல நின்ன கார்னு சொல்லி அந்த மெர்சிடிஸ் மாடல ஒருத்தர் கையில குடுத்து பாருங்க, முகம் மாறும். எங்க பெரியப்பா இத கேட்டுட்டு அர மணி நேரம் அந்த மாடல கீழயே வைக்கல.

ஏர்லைன் கார்ல ஒரு பெரிய வசதி இருக்கு, இத யாரும் சொல்லி குடுக்க மாட்டாங்க. சிகரெட் கம்பெனி ஸ்பான்சர் பண்ண கார் மாடல பாத்தீங்கன்னா நெறைய கம்பெனி விளம்பர சட்டத்துக்கு பயந்து பேர போடாமலே விட்டுடுவாங்க, கார் பாதி மொட்டையா இருக்கும், அப்புறம் தனியா டெக்கால், அதான் அந்த எழுத்து ஸ்டிக்கர், தேடி நாமளே ஒட்டணும். ஏர்லைன் கார்ல அந்த தொல்லை கிடையாது, டப்பாவ தொறந்தா முழு அலங்காரத்தோட வரும். புதுசா வர்றவங்கள நான் இந்த பக்கம் தள்ளி விடறதுக்கு பாதி காரணம் இதான்.

சைஸ் பத்தி ரொம்ப யோசிக்காதீங்க, 1:43 எடுங்க, அதாவது நெஜ கார்ல 43-ல ஒரு பங்கு. நெஜ ஸ்ட்ராடோஸ் நீளம் 3.71 மீட்டர், 1:43-ல அது எட்டரை சென்டிமீட்டர் சொச்சம், உள்ளங்கையில உக்காரும். 1:18 ஆனா இருபது சென்டிமீட்டர தாண்டும், பத்து வாங்குனா வீட்டுல பீரோ வைக்க எடம் இருக்காது. 1:64 ஆறு சென்டிமீட்டர் கூட வராது, அதுல ஸ்பான்சர் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும், நமக்கு எழுத்துதான முக்கியம். ரேலி கார்னா 1:43-தான் ரொம்ப காலமா சேகரிக்கறவங்க சைஸ், அதனால ட்ரோஃபியு, விட்டெஸ், சொலிடோ, இக்ஸோ, ஸ்பார்க்னு பல கம்பெனி மாடல் அதுல சுத்திக்கிட்டே இருக்கும். ஐரோப்பாவுல வாராவாரம் புக்கோட சேத்து வித்த இக்ஸோ மாடல் பழசா கெடைச்சா விடாதீங்க, வெல கம்மி, ஆரம்பத்துக்கு அது போதும். கையால செய்ய ஆசை இருந்தா ஹசெகாவா 1:24 ஸ்ட்ராடோஸ் கிட் இருக்கு, ஆனா அலிட்டாலியா டெக்கால அந்த வளைவு மேல சுருக்கம் இல்லாம ஒட்டறதுக்குள்ள கண்ணுல தண்ணி வந்துடும், மொத கிட்டா அத எடுக்காதீங்க.

வாங்கறப்ப போட்டோ கேளுங்க, நாலு பக்கமும், அடி பக்கமும். கதவு கோடு மேல பச்சை பட்டை உடையாம நேரா போகுதா, ரெண்டு பக்கமும் ஒரே உயரத்துல இருக்கா, வெள்ளை வெள்ளையா இருக்கா இல்ல டீக்கறை மாதிரி மஞ்சளாயிடுச்சா, முன்னாடி லைட்டு எல்லாம் இருக்கா, கண்ணாடி வைப்பர் இருக்கா. கோட் 3-ன்னு ஒரு சொல்லு இருக்கு, கம்பெனி செய்யாம வேற யாரோ பெயிண்ட் அடிச்சு டெக்கால் ஒட்டுன மாடல். தெரிஞ்சு வாங்குனா தப்பில்ல, சில பேரு கம்பெனிய விட நல்லாவே செய்யறாங்க. நான் தெரியாம வாங்குனேன். ஆன்லைன்ல ஒருத்தர் கிட்ட ஒரிஜினல்னு 4,500 ரூபா குடுத்து வாங்குன 131, வந்து ரெண்டாவது மாசமே ஓரத்துல இருந்து டெக்கால் தானா உரிய ஆரம்பிச்சுது, அடியில பாத்தா பழைய கலர் வேற எட்டி பாக்குது.

வெளிநாட்டுல இருந்து நேரா வரவைக்கறவங்க கஸ்டம்ஸ் கணக்கு போட்டுட்டு ஆர்டர் போடுங்க. மாடல் காரும் கஸ்டம்ஸ் கணக்குல பொம்மை கூடத்தான் வருது. பொம்மை டியூட்டி 2020-ல 20 சதவீதத்துல இருந்து 60 ஆச்சு, 2023-ல 70, இது பட்ஜெட்டுக்கு பட்ஜெட் மாறும். 2021-ல இருந்து பொம்மைக்கு பிஐஎஸ் (இந்திய தர நிர்ணய அமைப்பு) தர விதி வேற வந்துடுச்சு. அதனால இங்கயே யாராவது சேகரிக்கறவங்க கழிச்சு விடறத வாங்கறதுதான் நிம்மதி. கோயமுத்தூர்ல ரேஸ் பைத்தியம் புடிச்சவங்க நெறைய, அங்க ஆளு புடிச்சு வச்சுக்கோங்க, மேட்டுப்பாளையம் போற பஸ் ஏறினா முடிஞ்சுது. பார்சல வாங்கிட்டு திரும்பறப்ப மட்டும் ஜன்னல் ஓரம் மடியில வச்சுக்கோங்க, குன்னூர் மலைப்பாதை வளைவுல மேல ரேக்குல வச்சது எங்க போய் விழும்னு சொல்ல முடியாது.

இப்ப முக்கியமான விஷயம், ஈரம். சென்னைக்காரங்க எழுதற பராமரிப்பு டிப்ஸ் நமக்கு பாதிதான் ஒத்துவரும். ஜூன்ல ஆரம்பிச்சா ஊட்டி கூடலூர் பக்கம் தென்மேற்கு மழை, அது முடிஞ்சா அக்டோபர்ல இருந்து கோத்தகிரி குன்னூருக்கு வடகிழக்கு, நடுவுல மூடுபனி ஜன்னல் வழியா வீட்டுக்குள்ளயே வந்து உக்காந்துக்கும். அட்டை டப்பா பூசணம் புடிக்கும், டப்பா உள்ள இருக்கற ஸ்பாஞ்சு ஈரத்த குடிச்சு கார் பெயிண்ட்டுல ஒட்டிக்கும். மாடல டப்பாவுல போட்டு பீரோவுல பூட்டி வைக்கறது இங்க தற்கொலைக்கு சமம், ஸ்பாஞ்ச தூக்கி போட்டுட்டு அட்டைய தனியா மடிச்சு வைங்க.

பழைய ஃபோட்டோ ஸ்டுடியோக்காரங்க லென்ஸ் அலமாரில என்ன பண்ணுவாங்களோ அதையேதான் நானும் பண்றேன், அலமாரி அடி தட்டுல ஒரு ஜீரோ வாட் பல்பு. பழைய குண்டு பல்பா இருக்கணும், எல்ஈடி போட்டா சூடு வராது, பிரயோஜனம் இல்ல. மாடல்ல இருந்து ஒரு அடியாவது தள்ளி இருக்கட்டும். கூடவே சிலிக்கா ஜெல் மூட்டை, கலர் மாறுனதும் வறுத்து திரும்ப வைக்கலாம், ஆனா அதுக்குன்னு ஒரு பழைய சட்டி வச்சுக்கோங்க, சமைக்கற சட்டியில வறுக்காதீங்க, நீல ஜெல்லுல கோபால்ட் இருக்கு. ஈரம் காட்டற சின்ன மீட்டர் ஒன்னு வாங்கி உள்ள வைங்க, 50 சதவீதத்துக்கு கீழ நின்னா நிம்மதியா தூங்கலாம். வெயில்தான அடிக்குதுன்னு ஜன்னல் பக்கமும் வைக்காதீங்க, இந்த உயரத்துல வெயில் சுள்ளுன்னு இருக்கும், மொதல்ல போறது சிவப்பு.

டைகாஸ்ட்டுக்கு, அதாவது அச்சுல வார்த்த உலோக மாடலுக்கு, இன்னொரு வியாதி இருக்கு, துத்தநாக கலவையில ஈயம் மாதிரி அழுக்கு சேந்துட்டா உள்ளுக்குள்ளயே வெடிச்சு, பெயிண்ட் கொப்புளம் விட்டு, கடைசில பிஸ்கட் மாதிரி உதிரும். அதுக்கு மருந்து கிடையாது, ஈரம் அத வேகப்படுத்தும் அவ்ளோதான். வாங்கறப்பவே கொப்புளம் தெரிஞ்சா எவ்ளோ கம்மி வெலன்னாலும் வேணாம்னு வந்துடுங்க. டயரு விஷயமும் பாருங்க, சில பழைய மாடல்ல ரப்பர் டயர் பிளாஸ்டிக் பீடத்த உருக்கி ஒட்டிக்கும், கார் வயித்துக்கு அடியில ஒரு சின்ன கட்டைய குடுத்து டயர் தரையில படாம தூக்கி வச்சுட்டா போதும்.

படம் எடுக்க ஆசைப்படறவங்களுக்கு நம்ம ஊரு மாதிரி எடம் கிடையாது. மான்டே கார்லோவுக்கு ஜனவரி காலைல உறைபனி விழுந்த புல்லு, ஆறரை மணிக்குள்ள போயிடணும், கேமராவ கார் உயரத்துக்கு கீழ எறக்கி வைங்க. அக்ரோபோலிஸ் புழுதிக்கு கல்லட்டி 36 கொண்டை ஊசி பக்கத்து செம்மண் எடுத்து மாவு சல்லடையில சலிச்சு, பழைய மாடல் மேல மட்டும் தூவுங்க. நிரந்தரமா ஒரு தளம் செய்யணும்னா பலகையில ஃபெவிகால் தடவி டீத்தூள் கொட்டுங்க, டஸ்ட் கிரேடு, அச்சு அசல் ஜல்லி ரோடு மாதிரியே இருக்கும். புது தூளா இருக்கணும். நான் சிக்கனம்னு டீ போட்ட சக்கைய காய வச்சு ஒட்டுனேன், மூணாவது வாரம் போர்ச்சுகல் ரோடு முழுக்க வெள்ளையா பூசணம், ஆலெனோட 131 ஏதோ ஸ்வீடன் பனியில ஓடற மாதிரி நின்னுச்சு.