லேப்டாப் பேட்டரி சீக்கிரம் தீர்ந்துபோகிறதா? புதிது வாங்கும் முன் இவற்றைச் செய்து பாருங்கள்

சார்ஜரைக் கழற்றிய அரை மணி நேரத்தில் லேப்டாப் அணைந்துவிடுகிறது. இல்லையென்றால் 35 சதவீதம் என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே பொசுக்கென்று திரை இருட்டாகிவிடுகிறது. 'பேட்டரி போச்சு' என்று உடனே முடிவு கட்டிவிடுகிறோம். பல நேரம் அது சரியாகவே இருக்கும். ஆனால் சார்ஜர் பழுதும், யாரோ மாற்றிவைத்த ஒரு செட்டிங்கும், சார்ஜ் அளவைக் கணக்கிடும் சிப்பின் தவறும் வெளியே இதே மாதிரிதான் தெரியும். புது பேட்டரி வாங்கி மாட்டிய பிறகுதான், கோளாறு சார்ஜர் வயரில் என்று எனக்கு ஒருமுறை தெரிந்தது. அந்தச் செலவு உங்களுக்கு வேண்டாம். கீழே உள்ள வரிசையிலேயே பாருங்கள்.

படி 1: முதலில் கையால் தொட்டுப் பாருங்கள்

எந்த மென்பொருளையும் திறக்க வேண்டாம். லேப்டாப்பை அணைத்து, மூடி, சமமான மேசையில் வையுங்கள். மூலைகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்துங்கள். முன்பு அசையாமல் இருந்தது இப்போது ஆடுகிறதா? அப்புறம் கண்ணை மேசை மட்டத்துக்கு இறக்கிப் பக்கவாட்டில் பாருங்கள். மூடி முழுதாகப் பொருந்தாமல் இடைவெளி தெரிகிறதா? திறந்து டச்பேடை அழுத்துங்கள். 'டிக்' என்ற சத்தம் வராமல் கல்லை அழுத்துவது போல இருந்தாலோ, கீபோர்டின் நடுப்பகுதி மேடாகத் தெரிந்தாலோ, உள்ளே பேட்டரி உப்பியிருக்க வாய்ப்பு அதிகம்.

லித்தியம் அயான் பேட்டரி பழசாகும்போது உள்ளே நடக்கும் வேதிவினைகளில் வாயு உண்டாகும். அந்த வாயு சேர்ந்துதான் பேட்டரியின் உறை பலூன் போல உப்புகிறது. அப்படித் தெரிந்தால் மற்ற படிகள் எதுவும் வேண்டாம். சார்ஜ் போடாதீர்கள். அமுக்கிச் சரிசெய்யவோ, ஓட்டை போட்டுக் காற்றை வெளியேற்றவோ தயவுசெய்து முயலாதீர்கள், தீப்பிடிக்கும். அணைத்தபடியே, எளிதில் தீப்பற்றும் பொருள்கள் பக்கத்தில் இல்லாத இடத்தில் வைத்து, பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து மாற்றிவிடுங்கள். இன்னும் ஓடுகிறதே என்று உப்பிய பேட்டரியோடு மாதக்கணக்கில் வேலை செய்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அது உண்மையிலேயே ஆபத்து.

படி 2: சார்ஜரைச் சந்தேகப்படுங்கள்

சார்ஜரை மாட்டி, லேப்டாப்பில் செருகும் இடத்துக்கு அருகே வயரை மெதுவாக அசையுங்கள். திரையில் சார்ஜ் குறி வந்து வந்து போனால் வயரிலோ சாக்கெட்டிலோதான் கோளாறு. அடுத்து, அடாப்டரின் மேல் ஒட்டியிருக்கும் சீட்டில் அவுட்புட் என்ற வரியைப் படியுங்கள். 20 வோல்ட், 3.25 ஆம்பியர் என்றிருந்தால் இரண்டையும் பெருக்குங்கள்: 65 வாட். லேப்டாப்போடு வந்த சார்ஜரும் அதே வாட்தானா? டைப் சி வந்தபிறகு எந்த டைப் சி சார்ஜரும் டைப் சி துளை உள்ள எந்த லேப்டாப்பிலும் நுழைந்துவிடுகிறது. 65 வாட் கேட்கும் லேப்டாப்பில் 20 வாட் போன் சார்ஜரைச் செருகினால் சார்ஜ் ஏறாமலே போகலாம், அல்லது செருகியிருக்கும்போதே அளவு இறங்கலாம்.

சார்ஜ் 60 அல்லது 80 சதவீதத்தில் அப்படியே நிற்கிறது என்றால் பெரும்பாலும் அது பழுதே அல்ல. பேட்டரியைக் காப்பாற்ற உற்பத்தியாளரின் செயலியில் ஒரு வரம்பு வைத்திருப்பார்கள். பேட்டரி அல்லது பவர் பகுதியில் அதைத் தேடிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் லேப்டாப்பை அணைத்து, சார்ஜரைக் கழற்றி, பவர் பட்டனை 30 விநாடி அழுத்திப் பிடித்துவிட்டு மறுபடி போடுங்கள். சிக்கிக்கொண்ட சார்ஜ் கட்டுப்பாடு பல லேப்டாப்களில் இதிலேயே சரியாகிவிடும்.

படி 3: பேட்டரியின் ஜாதகத்தை எடுங்கள்

விண்டோஸில் ஸ்டார்ட் மெனுவைத் திறந்து சிஎம்டி என்று தேடி, கமாண்ட் ப்ராம்ப்டைத் திறங்கள். ஆங்கிலத்தில் பவர் என்று எழுதி, அதை ஒட்டியே சி, எஃப், ஜி எழுத்துகளைத் தட்டுங்கள். ஓர் இடைவெளி. பிறகு ஒரு சாய்கோடு (/), அதை ஒட்டி பேட்டரி ரிப்போர்ட் என்ற இரண்டு சொற்களையும் இடைவெளி இல்லாமல் தட்டி எண்டர் அழுத்துங்கள். அறிக்கை எந்த ஃபோல்டரில் சேமிக்கப்பட்டது என்று அங்கேயே காட்டும். அதைப் பிரவுசரில் திறங்கள்.

மேலேயே இரண்டு எண்கள் இருக்கும். டிசைன் கெபாசிட்டி என்பது புதிதாக இருந்தபோது கொள்ள வேண்டிய அளவு. ஃபுல் சார்ஜ் கெபாசிட்டி என்பது இன்று கொள்ளும் அளவு. முதலாவது 50,000, இரண்டாவது 31,500 என்று வைத்துக்கொள்வோம். மிச்சம் இருப்பது 63 சதவீதம். பொதுவாக 80 சதவீதத்துக்குக் கீழே போனால் தேய்ந்த பேட்டரி என்று கொள்வார்கள்.

இதோடு நிறுத்திவிடாதீர்கள், அடுத்த கணக்குதான் முக்கியம். இந்த எண்கள் மில்லிவாட் மணியில் இருப்பவை. 31,500 என்றால் 31.5 வாட் மணி, அதாவது 31.5 வாட் எடுக்கும் ஒரு பொருளை ஒரு மணி நேரம் ஓட்டும் அளவு. சாதாரண எழுத்து வேலையில் லேப்டாப் 10 வாட் எடுத்துக்கொண்டால் 3 மணி நேரம் தாங்க வேண்டும். உங்களுக்கு ஒரு மணி நேரம்தான் வருகிறதா? அப்படியானால் பின்னணியில் எதுவோ மின்சாரத்தைக் குடிக்கிறது. செட்டிங்ஸில் பேட்டரி பகுதிக்குப் போய் எந்தச் செயலி அதிகம் எடுக்கிறது என்று பாருங்கள். திரை வெளிச்சத்தையும் குறைத்துப் பாருங்கள்.

மேக்கில் சிஸ்டம் செட்டிங்ஸ், பேட்டரி, பேட்டரி ஹெல்த் என்று போனால் மிச்சம் இருக்கும் அளவு சதவீதமாகவே கிடைக்கும். லினக்ஸில் பவர் ஸ்டாட்டிஸ்டிக்ஸ் என்ற செயலி காட்டும்.

படி 4: திடீரென்று அணைகிறதென்றால்

இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. சார்ஜ் அளவைக் கணக்கிடும் சிப், உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் கூட்டிக் கழித்துக்கொண்டே இருக்கும். தினமும் சிறு பிழை சேர்ந்து, ஒருநாள் கணக்கு உண்மையை விட்டு வெகுதூரம் விலகிவிடும். அதைச் சரிசெய்யலாம். 100 சதவீதம் ஏற்றி, இரண்டு மணி நேரம் சார்ஜரிலேயே விடுங்கள். ஸ்லீப் செட்டிங்கை நிறுத்திவிட்டு, சார்ஜர் இல்லாமல் தானாக அணையும் வரை ஓட விடுங்கள். அப்புறம் இடைவிடாமல் 100 வரை ஏற்றுங்கள். இதை அடிக்கடி செய்ய வேண்டாம். முழுக்க வடியவிடுவது பேட்டரிக்கு நல்லதல்ல.

அப்படிச் செய்த பிறகும், வீடியோ அல்லது விளையாட்டு ஓடும்போது மட்டும் அணைகிறதென்றால், பெரும்பாலும் பேட்டரியின் உள்மின்தடை, அதாவது மின்சாரம் வெளியே வருவதைத் தடுக்கும் தன்மை, கூடிவிட்டது. தொட்டியில் தண்ணீர் இருந்தும் குழாயில் பாசி அடைத்த மாதிரி. அதிக மின்சாரம் கேட்டவுடன் வோல்டேஜ் சரிந்துவிடும். இதற்கு மாற்றுவதைத் தவிர வழியில்லை.

படி 5: மாற்றுவதென்று முடிவானால்

லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் நம்பி வாங்காதீர்கள். ஒரே மாடலில் இரண்டு மூன்று வகை பேட்டரி வருவதுண்டு. பழைய பேட்டரியின் மேல் உள்ள பார்ட் எண், வோல்ட், கனெக்டரின் வடிவம் மூன்றையும் போட்டோ எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். மாட்டிய அன்றே படி 3-இல் சொன்ன அறிக்கையை எடுத்துச் சேமித்துவையுங்கள். புதிது என்று வாங்கியதில் சைக்கிள் கவுண்ட் (இதுவரை எத்தனை முழு சார்ஜ் அளவு செலவாகியிருக்கிறது என்ற எண்ணிக்கை) 200 என்று காட்டினால் அது பயன்படுத்திய பேட்டரி, திருப்பிக் கொடுங்கள்.

புதியதைச் சூட்டிலிருந்து காப்பாற்றுங்கள். மெத்தை, தலையணை மேல் வைத்தால் காற்றுத் துளைகள் அடைபடும். எப்போதும் சார்ஜரிலேயே வேலை செய்பவர் என்றால் 80 சதவீத வரம்பை நீங்களே போட்டுவிடுங்கள். முழு சார்ஜிலேயே நாள்முழுதும் நிற்பதும் பேட்டரியைத் தேய்க்கும். பழைய பேட்டரியின் முனைகளில் டேப் ஒட்டி, மின்கழிவு வாங்கும் இடத்தில் கொடுங்கள், குப்பைத் தொட்டியில் போட வேண்டாம்.