மாட்ரிகல் கச்சேரிக்குப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

வரிகளைப் படிக்காமல் போய் உட்காருவதுதான் பெரிய தவறு. 16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் வளர்ந்த மாட்ரிகல் என்ற பாட்டு வகைக்குக் கவிதைதான் உயிர். நான்கு, ஐந்து, ஆறு பேர் ஒரே நேரத்தில் ஆளுக்கொரு மெட்டாகப் பாடுவார்கள். பெரும்பாலும் வாத்தியம் கிடையாது. சொல் சொல்வதை இசை அந்த இடத்திலேயே செய்துகாட்டும்.

1601இல் லண்டனில் வெளியான தொகுப்பு ஒன்றில் ஆங்கில இசையமைப்பாளர் தாமஸ் வீல்க்ஸ் இசையமைத்த பாட்டைப் பாருங்கள். வெஸ்டா தேவி மலையிலிருந்து இறங்குகிறாள், மெட்டும் இறங்குகிறது. கன்னி ராணி ஏறி வருகிறாள், மெட்டும் ஏறுகிறது. வேட்டைத் தேவி டயானாவின் தோழிகள் 'இருவர் இருவராக' ஓடி வரும்போது இரண்டு குரல்கள். 'மூவர் மூவராக' என்றதும் மூன்று. 'ஒன்றாக' என்றதும் எல்லோரும். அவர்கள் தங்கள் தேவியைத் 'தனியே' விட்டுவரும் சொல்லுக்கு ஒற்றைக் குரல். எவ்வளவு அழகான வேலை! வரி தெரியாவிட்டால் அத்தனையும் வெறும் இனிய சத்தமாகப் போய்விடும். மொழிபெயர்ப்பை முன்கூட்டியே படித்துவிடுங்கள். அரங்கில் தாளிலேயே கண்ணாக இருக்காதீர்கள். மைக் இல்லாத இசை இது. பாட்டின் நடுவே தாளைப் புரட்டினால் எல்லோருக்கும் கேட்கும்.

அப்புறம், 'முக்கியப் பாடகர் யார்?' என்று தேட வேண்டாம். அப்படி ஒருவர் இல்லை. அந்தக் காலத்தில் ஒவ்வொரு குரலுக்கும் தனிப் புத்தகம். மற்றவர் பாடுவது அதில் இருக்காது. ஒருவரையொருவர் காதால் கேட்டுத்தான் சேர்ந்தார்கள். நீங்களும் நடுக்குரல் ஒன்றைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் அதன் பின்னாலேயே போய்ப் பாருங்கள். மேல்குரலை மட்டும் கேட்கும்போது தெரியாத ஸ்வர உரசல்களெல்லாம் புலப்படும்.

பழைய இசை என்றதும் இதைத் தேவாலயப் பாட்டாக நினைத்துப் பவ்யமாக உட்காருபவர்கள் உண்டு. பெரும்பாலும் இது காதல் பாட்டு, அதுவும் குறும்பு நிறைந்தது. 1539இல் அச்சான, இசையமைப்பாளர் ஆர்க்காடெல்ட்டின் புகழ்பெற்ற அன்னப்பாட்டில் 'நாளுக்கு ஆயிரம் மரணம்' என்று குரல்கள் ஒன்றன்பின் ஒன்றாக நுழைந்து குவியும். அந்த 'மரணம்' காதல் இன்பத்தின் உச்சம் என்பது அன்றைய ரசிகர்களுக்கு நன்றாகவே தெரியும். சிரிப்பு வந்தால் சிரிக்கலாம்.

இத்தாலிய இசையமைப்பாளர் ஜெசுவால்டோவின் பாட்டில் ஸ்வரங்கள் எதிர்பாராத இடத்துக்குத் தாவினால், பாடகர்கள் சுருதி தவறிவிட்டார்கள் என்று முடிவுகட்டாதீர்கள். 1611இல் அவர் வெளியிட்ட ஆறாவது தொகுப்பு அப்படித்தான் எழுதப்பட்டிருக்கிறது.

கைதட்டலுக்கும் அவசரம் வேண்டாம். பாட்டுகள் பெரும்பாலும் சில நிமிடங்களே. மூன்று நான்கைச் சேர்த்துப் பாடுவதும் உண்டு. பாடகர்கள் கையிலிருக்கும் தாளை இறக்கி உங்களைப் பார்க்கும்போது தட்டுங்கள்.