ஆங்கிலத்தில் சப்ஜங்டிவ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலத்தில் கடிதமும் தீர்மானமும் எழுதுவோர் அதிகம் இடறும் இடங்களில் ஒன்று சப்ஜங்டிவ் என்னும் வினைநிலை. நடக்க வேண்டியதையோ நடவாத ஒன்றைக் கற்பனையாகவோ சொல்லும்போது வினைச்சொல் தன் வழக்கமான வடிவை விட்டுவிடுகிறது. பழக்கத்தால் அந்த வடிவையே மறுபடியும் எழுதிவிடுவதால்தான் பெரும்பாலான பிழைகள் நேர்கின்றன.

'தி கமிட்டி ரெகமெண்டட் தட் ஷி வாஸ் ப்ரொமோட்டட்' என்னும் வாக்கியத்தைப் பாருங்கள். ரெகமெண்ட், டிமாண்ட், இன்சிஸ்ட் போன்ற வினைகளையும் எசென்ஷியல் போன்ற பெயரடைகளையும் அடுத்து வரும் 'தட்' தொடர் செய்ய வேண்டியதைக் குறிக்குமானால், எழுவாய் யாராக இருந்தாலும், முதன்மை வினை எந்தக் காலத்தில் இருந்தாலும், அதில் வினையின் அடிவடிவத்தை எழுதுவதே முறை. ஆகவே 'ஷி பி ப்ரொமோட்டட்' என்று திருத்த வேண்டும். எதிர்மறையிலும் 'டஸ் நாட்' வராது. 'வி ரிக்வெஸ்ட் தட் ஹி நாட் லீவ்' என்பதே சரி. பிரிட்டன் வழக்கில் 'ஷுட்' சேர்த்து எழுதுவதும் முறையானதே. தமிழில் 'வாழ்க', 'வருக' என்னும் வியங்கோள் வினைகள் இடத்துக்கும் பாலுக்கும் ஏற்ப மாறுவதில்லை என்பதை நினைவில் கொண்டால், 'காட் சேவ் த கிங்' என்பதில் 'சேவ்ஸ்' ஏன் வரவில்லை என்பது எளிதில் விளங்கும்.

'என்னைப் போகச் சொன்னார்' என்ற அமைப்பைப் பின்பற்றி 'சஜஸ்டட் மீ டு கோ' என்றும் 'இன்சிஸ்டட் ஹிம் டு கம்' என்றும் எழுதுவது நம்மிடையே பரவலாக உள்ளது. இவ்விரு வினைகளும் அந்த அமைப்பை ஏற்பதில்லை. 'சஜஸ்டட் தட் ஐ கோ' என்றே எழுத வேண்டும்.

இவற்றைவிட ஆபத்தானது பொருளையே மாற்றிவிடும் பிழை. 'ஹி இன்சிஸ்ட்ஸ் தட் ஷி பி ப்ரெசென்ட்' என்றால் அவள் வந்தே ஆக வேண்டும் என்று அவர் வற்புறுத்துகிறார். 'பி' இருந்த இடத்தில் 'இஸ்' வந்தாலோ, அவள் அங்கே இருக்கிறாள் என்று அவர் சாதிப்பதாகவே பொதுவாகப் பொருள்படும். கூட்டக் குறிப்பில் இந்த ஒரு சொல் மாறினால், கோரிக்கை சாட்சியமாகிவிடும். எழுதுபவர் மிகுந்த கவனம் செலுத்த வேண்டிய இடம் இதுதான்.

'இஃப் ஐ வேர் யூ' என்பதைக் கற்றவர்கள், 'இஃப்' வந்த இடமெல்லாம் 'வேர்' போடத் தொடங்குவதும் உண்டு. நேற்று நான் உண்மையிலேயே கடுமையாகப் பேசியிருக்கக்கூடும் என்னும் நிலையில் 'இஃப் ஐ வாஸ் ரூட் யெஸ்டர்டே, ஐ அபாலஜைஸ்' என்பதே சரி; அது கற்பனை அன்று. இப்போது இல்லாததை விரும்பும்போது 'ஐ விஷ் ஐ நோ' என்பதும் தவறு. இறந்தகால வடிவமான 'நியூ' வர வேண்டும்.

'இஃப் யூ வுட் ஹாவ் டோல்ட் மீ' என்பதும் முறையான எழுத்தில் பிழையே. 'சொல்லியிருந்தால் வந்திருப்பேன்' என்று தமிழில் நாம் இரு பகுதிகளையும் வேறுபடுத்தியே சொல்கிறோம். முதல் பகுதிக்கு 'ஹாட் டோல்ட்', இரண்டாம் பகுதிக்கு மட்டுமே 'வுட் ஹாவ் கம்'.