ஓர் உடன்படிக்கைக்கு எத்தனை தேதிகள்? அமெரிக்கக் குடியரசின் தொடக்கக் காலத்தை எழுதுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1789 முதல் 1820கள் வரையிலான அமெரிக்க அரசியலைப் பற்றித் தமிழில் புதிதாக எழுத வருபவர்களின் கட்டுரைகளில் சில பிழைகள் மாறாமல் வருகின்றன. முன்பு நாங்கள் தடுக்கி விழுந்ததும் இதே இடங்களில்தான். அதிபர்களின் வரிசை மாறுவது, ஊர்ப் பெயர் பிசகுவது போன்றவை மெய்ப்புப் பார்க்கும்போதே பிடிபட்டுவிடும், அவற்றை விட்டுவிடலாம். கட்டுரையின் வாதத்தையே சாய்த்துவிடும் தவறுகளை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

'மினிஸ்டர்' என்பதை அமைச்சர் ஆக்குவது

அக்கால ஆவணங்களில் லண்டனிலோ பாரிசிலோ இருக்கும் அமெரிக்க 'மினிஸ்டர்' ஒரு தூதர். 1893 வரை அமெரிக்கா 'அம்பாசிடர்' என்ற தரத்தில் யாரையும் அனுப்பவில்லை. அகராதியை நம்பி மாற்றினால், 1792 முதல் லண்டனில் தூதராக இருந்த தாமஸ் பிங்க்னி வாஷிங்டனின் அமைச்சரவை உறுப்பினராகிவிடுவார். இதற்கு நேர்மாறான பிழையும் உண்டு. 'செக்ரட்டரி ஆஃப் ஸ்டேட்' என்பவர் செயலாளர் அல்லர், வெளியுறவு அமைச்சர். இரண்டு பிழையும் ஒரே பத்தியில் வந்தால் யார் யாருக்கு அறிவுறுத்தல் அனுப்புகிறார் என்பதே தலைகீழாகிவிடும்.

ஜெஃபர்சனின் கட்சியைக் 'குடியரசுக் கட்சி' என்பது

இன்றைய குடியரசுக் கட்சி 1854இல் தோன்றியது. 'ஜெஃபர்சனின் ரிபப்ளிகன்கள்' என்று எழுதினால் குழப்பம் இருக்காது.

கையெழுத்தான நாளிலேயே உடன்படிக்கையை முடித்துவிடுவது

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எரிச்சலூட்டும் தவறு இதுதான். அமெரிக்க மண்ணில் பிரிட்டன் விடாமல் வைத்திருந்த கோட்டைகளைப் பற்றி, "1794இல் ஜே உடன்படிக்கையின் மூலம் பிரிட்டன் வடமேற்குக் கோட்டைகளை ஒப்படைத்தது" என்று ஒரே வரியில் எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு வரிக்குள் 20 மாத அரசியல் காணாமல் போகிறது.

வரிசையாகப் பாருங்கள். வாஷிங்டன் அனுப்பிய தூதர் ஜான் ஜே லண்டனில் கையெழுத்திட்டது 1794 நவம்பர் 19. உடன்படிக்கைப் பிரதி அன்றைய தலைநகரான பிலடெல்பியாவுக்கு வந்து சேர்ந்தது 1795 மார்ச் 7. காங்கிரஸ் அதற்கு நான்கு நாள் முன்புதான் கலைந்திருந்தது. வாஷிங்டனின் அழைப்பின்பேரில் செனட் தனிக்கூட்டமாகக் கூடியது ஜூன் 8. ஜூன் 24 அன்று 20க்கு 10 என்ற வாக்கில் செனட் இசைவு தந்தது. அரசமைப்பு கேட்பது வந்திருக்கும் உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு. கிடைத்ததும் சரியாக அவ்வளவுதான், ஒரு வாக்கு குறைந்திருந்தாலும் உடன்படிக்கை செத்திருக்கும். அந்த இசைவும் நிபந்தனையோடு வந்தது. மேற்கிந்தியத் தீவுகளுடன் வணிகம் செய்ய 70 டன்னுக்கு மேற்படாத கப்பல்களையே அனுமதித்த 12ஆம் பிரிவை செனட் ஏற்கவில்லை. ஆகவே ஜே கையெழுத்திட்ட உடன்படிக்கையும் நடைமுறைக்கு வந்த உடன்படிக்கையும் ஒன்றல்ல. 70 டன் வரம்பு அமலில் இருந்ததாக எழுதப்பட்ட கட்டுரைகள் இங்கேதான் சறுக்குகின்றன. அடுத்த 13ஆம் பிரிவோ அப்படியே நின்றது. மதராஸ், கல்கத்தா போன்ற கிழக்கிந்தியத் துறைகளை அமெரிக்கக் கப்பல்களுக்கு உரிமையாகத் திறந்துவிட்டது அதுதான்.

இதற்குப் பிறகும் வேலை முடியவில்லை. ஒப்புதல் ஆவணங்கள் லண்டனில் கைமாறியது அக்டோபர் 28. வாஷிங்டன் பிரகடனம் செய்தது 1796 பிப்ரவரி 29. செலவுக்குப் பணம் ஒதுக்க வேண்டியது பிரதிநிதிகள் சபை. அது பேச்சுவார்த்தைக் காகிதங்களைக் கேட்டது, வாஷிங்டன் தர மறுத்தார். கடைசியில் ஏப்ரல் 30 அன்று 51க்கு 48 என்று நூலிழையில் நிதி கிடைத்தது. டெட்ராய்ட் கோட்டை அமெரிக்கர் கைக்கு வந்தது ஜூலை 11. கட்சிகள் கெட்டிப்பட்டதே இந்த மாதங்களில்தான். நவம்பர் 1794ஐ மட்டும் எழுதுபவருக்கு, உடன்படிக்கையை ஆதரித்த ஃபெடரலிஸ்டுகளும் எதிர்த்த ரிபப்ளிகன்களும் ஏன் அப்படி முட்டிக்கொண்டார்கள் என்பதை விளக்க வழியே இருக்காது.

பிரான்சிடமிருந்து லூசியானாவை வாங்கிய விஷயத்தில் இதே தவறு ஒரு மனிதரின் குணத்தையே திரித்துவிடுகிறது. நிலம் வாங்க அரசமைப்பில் இடமில்லை என்று கருதிய அதிபர் ஜெஃபர்சன், திருத்தம் வேண்டும் என்று வரைவும் எழுதினார். பிறகு அதைக் கைவிட்டார். 'கொள்கையைக் காற்றில் பறக்கவிட்டார்' என்று உடனே தீர்ப்பு எழுதுகிறார்கள். 1803 ஏப்ரல் 30 என்று தேதியிட்ட அந்த உடன்படிக்கையில், ஆறு மாதத்துக்குள் ஒப்புதல் பரிமாறப்பட வேண்டும் என்று இருக்கிறது. செய்தி வாஷிங்டன் நகருக்கு வந்ததே ஜூலைத் தொடக்கத்தில். மாநிலங்களின் ஒப்புதல் தேவைப்படும் ஒரு திருத்தத்துக்கு எஞ்சிய நான்கு மாதம் எந்த மூலைக்கு? காங்கிரசை அக்டோபர் 17க்கே கூட்டினார். 20ஆம் தேதி செனட் 24க்கு 7 என்று இசைந்தது. நியூ ஆர்லியன்ஸ் அப்போதும் ஸ்பெயினின் நிர்வாகத்தில் இருந்தது. நவம்பர் 30 அன்று பிரான்சுக்கும், டிசம்பர் 20 அன்று அமெரிக்காவுக்கும் கைமாறியது. ஜெஃபர்சனைக் குறை சொல்ல இடமிருக்கிறது. ஆனால் கெடுவைப் பார்க்காமல் சொல்லக் கூடாது.

1812 போரிலோ இரு முனைகளிலும் தேதி ஏமாற்றும். போருக்குக் காரணமாகச் சொல்லப்பட்ட கடல் வணிகத் தடை ஆணைகளைப் பிரிட்டன் விலக்கிக்கொண்டது ஜூன் 23. அமெரிக்கா போர் அறிவித்தது ஜூன் 18. செய்தி அட்லாண்டிக்கைக் கடக்க வாரக்கணக்கில் ஆகும் என்பதை மறந்தால், அதிபர் மேடிசன் வேண்டுமென்றே காரணமில்லாப் போருக்குப் போனதாகத் தோன்றும். மறுமுனையில், 'போர் முடிந்த பிறகு நடந்த நியூ ஆர்லியன்ஸ் போர்' என்பது எல்லோரும் எழுதும் வாக்கியம். இன்றைய பெல்ஜியத்தின் கென்ட் நகரில் சமாதான உடன்படிக்கை கையெழுத்தானது 1814 டிசம்பர் 24, நியூ ஆர்லியன்ஸ் சண்டை 1815 ஜனவரி 8 என்பது உண்மைதான். ஆனால் இரு தரப்பும் ஒப்புதல் தந்த பிறகே சண்டை நிற்கும் என்று உடன்படிக்கையே சொல்கிறது. செனட் இசைந்தது பிப்ரவரி 16, பரிமாற்றம் 17. ஜனவரி 8 அன்று சட்டப்படி போர் நடந்துகொண்டுதான் இருந்தது.

கடலில் பிடிபடும் கப்பல்களுக்கு அதே உடன்படிக்கை தூரத்துக்கேற்பத் தவணை வைத்தது: அமெரிக்கக் கரையோரம் 12 நாள், மத்தியதரைக் கடலில் 40 நாள், உலகின் கடைக்கோடிக்கு 120 நாள் வரை. அப்படியும் போதவில்லை. 1815 ஜூன் 30 அன்று சுண்டா நீரிணையில் அமெரிக்கப் போர்க்கப்பல் பீகாக், கிழக்கிந்தியக் கம்பெனியின் நாட்டிலஸ் கப்பலைச் சுட்டுப் பிடித்தது. சமாதானம் ஆகிவிட்டது என்று எதிர்த்தரப்பு சொல்லியும் நம்பவில்லை, மறுநாள் விடுவித்தது.

ஆகவே ஒவ்வோர் உடன்படிக்கைக்கும் ஆறு கட்டம் போட்டு எழுதிவையுங்கள்: கையெழுத்து, செய்தி வந்த நாள், செனட் வாக்கு, ஒப்புதல் பரிமாற்றம், நிதி ஒதுக்கீடு, களத்தில் நடந்த நாள். ஒருவரின் கடிதத்தை மேற்கோள் காட்டும்முன், அந்தத் தேதியில் அவருக்கு எந்தக் கட்டம்வரை தெரிந்திருக்கும் என்று பாருங்கள்.

'வாஷிங்டன் ஆற்றிய பிரிவுரை'

ஆற்றவில்லை. 1796 செப்டம்பர் 19 அன்று பிலடெல்பியா நாளிதழ் ஒன்றில் அச்சானது. சிக்கவைக்கும் கூட்டணிகள் வேண்டாம் என்ற புகழ்பெற்ற தொடரும் அதில் இல்லை. அது 1801இல் ஜெஃபர்சன் தன் பதவியேற்பு உரையில் சொன்னது. வாஷிங்டன் விலக்கச் சொன்னது நிரந்தரக் கூட்டணிகளை; அசாதாரண நெருக்கடியில் தற்காலிகக் கூட்டணியை அவர் ஏற்றார். அவர் எழுதியபோது பிரான்சுடனான 1778 கூட்டணி உயிரோடுதான் இருந்தது.

'1823இல் மன்றோ கோட்பாட்டை அறிவித்தார்'

அமெரிக்கக் கண்டங்களில் ஐரோப்பிய வல்லரசுகள் தலையிடக் கூடாது என்ற அது, அதிபர் மன்றோ டிசம்பர் 2 அன்று காங்கிரசுக்கு எழுத்தில் அனுப்பிய ஆண்டுச் செய்தியில் சில பத்திகள், அவ்வளவுதான். கோட்பாடு என்ற பெயர் பின்னாளில் ஒட்டிக்கொண்டது.