பாத்ரூம்ல சாக்கடை நாத்தமா, பினாயில் ஊத்தறதுக்கு முன்னாடி இத பாருங்க

தர்மபுரி, பாலக்கோடு, காவேரிப்பட்டணம்னு நம்ம பக்கம் எந்த ஊர்லயும் பழைய வீட்டு பாத்ரூம்ல நாத்தம் வந்தா மொதல்ல பினாயில், அது ரெண்டு நாள் தாங்கலன்னா ஆசிட், அப்பவும் போகலன்னா டைல்ஸ ஒடச்சி பைப்ப மாத்துங்கன்னு யாராச்சும் வந்து சொல்லுவாங்க. பல வீட்ல இது எதுவுமே தேவையில்ல.

தரையில தண்ணி போற ஜாலிக்கு கீழ கிண்ணம் மாதிரி ஒண்ணு இருக்குல்ல, நானி ட்ராப்னு சொல்வாங்க, அதுல எப்பவும் ஒரு 50 மில்லிமீட்டர், அதாவது ரெண்டு இஞ்ச் தண்ணி நிக்கணும். செப்டிக் டேங்க் கேஸ் வீட்டுக்குள்ள ஏறாம தடுக்கறது அந்த தண்ணி மட்டும்தான். அதனால நாத்தம் வந்தா அந்த தண்ணி எங்க போச்சுன்னுதான் மொதல்ல பாக்கணும்.

சும்மாவே காஞ்சிருக்கலாம். பெங்களூர், ஓசூர்னு வேலைக்கு போயிட்டு பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் மட்டும் வந்து வீட்ட தொறக்கறவங்க வீட்ல பெரும்பாலும் இதான். ரெண்டு மக்கு தண்ணி ஊத்தி ஜன்னல தொறந்து விடுங்க, கொஞ்ச நேரத்துல நாத்தம் நின்னுச்சுன்னா செலவே இல்ல. திரும்ப பூட்டிட்டு போறப்போ ட்ராப்ல தண்ணி ஊத்தி அதுமேல ரெண்டு ஸ்பூன் கடலெண்ணெய் விட்டா சீக்கிரம் ஆவியாகாது (தேங்காயெண்ணெய் வேணாம், மார்கழி குளிர்ல ஒறஞ்சிக்கும்).

அடுத்தது, சில ட்ராப்ல உள்ள ஒரு கப்பு மாதிரி கவுத்து வச்சிருப்பாங்க, முடி சிக்கி தண்ணி தேங்குதுன்னு அத கழட்டி வீசிடறாங்க. தண்ணி அப்பறம் ஜோரா போகும், ஆனா அந்த கப்பு இருந்தாதான் தண்ணி அங்க மறிச்சி நிக்கும், எடுத்துட்டா டேங்குக்கும் பாத்ரூமுக்கும் நடுவுல ஒண்ணுமே இல்ல. முடிய எடுத்துட்டு கப்ப திரும்ப மாட்டுங்க.

இதெல்லாம் சரியா இருந்தும் நாத்தம் வருதுன்னா காத்து பிரச்சன, நெறைய பேரு கோட்ட விடற எடம் இதான். எண்ணெ டின்ல ஒரே ஒரு ஓட்ட போட்டு கவுத்தா களக் களக்னு தெணறி தெணறி ஊத்தும், இன்னொரு ஓட்ட போட்டாதான் ஒழுங்கா வரும். மாடி டாய்லெட்ல ஃப்ளஷ் பண்ணா தண்ணி பைப்ப அடச்சிகிட்டு எறங்கும், அதுக்கு பின்னாடியே மேலருந்து காத்து வரணும், வர வழி இல்லன்னா பக்கத்துல எந்த ட்ராப் இருக்கோ அது வழியா இழுக்கும், அந்த இழுப்புல ட்ராப் தண்ணியும் போயிடும். செக் பண்றது ஈசி, நீங்க கீழ் பாத்ரூம்ல நின்னுகிட்டு வீட்ல ஒருத்தர மேல ஃப்ளஷ் பண்ண சொல்லுங்க, ஜாலிக்குள்ள களக்னு சத்தம் கேட்டா சந்தேகமே வேணாம்.

ஏன் இப்படி ஆகுதுன்னா, கொசு வருதுன்னு வென்ட் பைப்புக்கு (காத்து வந்து போறதுக்கு மேல தொறந்து விடற பைப்) மூடி போட்டு ஒட்டிடறது, இல்லன்னா மாடி எடுக்கறப்போ டாய்லெட் பைப்ப பாத்ரூம் மட்டத்தோட நிறுத்தி எண்ட் கேப் போட்டுடறது. டேங்க்லதான் ஒரு வென்ட் பைப் இருக்கேம்பாங்க, அது டேங்க் கேஸ் வெளிய போறதுக்கு, மாடிலருந்து எறங்கற பைப் தனியா மொட்டமாடிக்கு மேல போய் வாய தொறந்து நிக்கணும். கொசுவுக்கு நைலான் வலைய கட்டுனா போதும். டேங்க் வென்ட் உயரத்துக்கும் கணக்கு இருக்கு, செப்டிக் டேங்குக்கான இந்திய தரநிலை ஐஎஸ் 2470 படி டேங்க் வீட்லருந்து 15 மீட்டருக்குள்ள இருந்தா கட்டடத்துக்கு மேல 2 மீட்டர் போகணும். ஒரு மாடி வீட்டுக்கு போட்ட பைப்ப அப்படியே விட்டுட்டு மேல இன்னொரு மாடி ஏத்துனா அது நேரா பெட்ரூம் ஜன்னலுக்குதான் ஊதும்.

ஆசிட் விஷயம். நம்ம போர் தண்ணி உப்பு வெள்ளையா படியறதால எல்லார் வீட்லயும் ஒரு பாட்டில் இருக்கும். நெறைய போனா டேங்க்ல கழிவ மக்க வைக்கற பாக்டீரியா செத்துடும், ப்ளீச்சிங் பவுடரோட சேந்தா குளோரின் கேஸ் வரும், மூடுன பாத்ரூம்ல அது உயிருக்கே ஆபத்து. அதே மாதிரி டேங்க் மூடிய தொறந்து எட்டி பாக்கறது, ஆள எறக்கறது ரெண்டும் வேணவே வேணாம், பாதுகாப்பு சாதனம் இல்லாம ஆள எறக்கறது, மனுஷன் கையால கழிவு அள்ளறத தடை பண்ற 2013 சட்டப்படி குத்தம், டேங்க் கழிவ உறிஞ்சற லாரிய கூப்புடுங்க.

கிச்சன் சிங்க்ல அந்த சுருக்கு பைப்ப நேரா சுவத்து ஓட்டைக்குள்ள சொருகி விடற பழக்கமும் இருக்கு. அதுக்கப்புறம் வெளிய கல்லி ட்ராப் (தரையில பதிச்ச, தண்ணி நிக்கற ட்ராப்) இருந்தா டேங்க் நாத்தம் வராது, இல்லன்னா சிங்க்குக்கு கீழ ஒரு பாட்டில் ட்ராப் கண்டிப்பா வேணும். ஆனா ஒரே லைன்ல ரெண்டு ட்ராப் போடாதீங்க, நடுவுல காத்து மாட்டிகிட்டு தண்ணி மெதுவாதான் எறங்கும், அத அடைப்புன்னு நெனச்சு திரும்ப ஆசிட் பாட்டில எடுப்பீங்க.