படம் சுருங்கினால் காணி சுருங்காது: அளவுத்திட்டத்தில் நாம் விடும் பிழைகள்

கிளிநொச்சிப் பக்கத்து அம்மா ஒருவர் தன் காணிப் பிளானின் போட்டோக்கொப்பியோடு என்னிடம் வந்தார். பெர்மிற்றில் ஒரு ஏக்கர் என்று இருக்கிறது. உயர்தரம் படிக்கும் பேரன் அடிமட்டம் வைத்து அளந்திருக்கிறான். அரை ஏக்கர்தான் வருகிறது. “மாஸ்ரர், மற்றப் பாதியை ஆர் விழுங்கினது?” என்று கேட்டார். இரண்டு இரவாக நித்திரை இல்லையாம். இடம்பெயர்ந்து, திரும்பி வந்து, பற்றைக்காடாய்க் கிடந்த வளவை வெட்டித் துப்புரவாக்கியவர். அவருக்கு அந்தக் கேள்வி சின்ன விஷயமில்லை.

பேரனின் கணக்கு சரி. பிழை தாளில் இருந்தது. மூலப் பிளான் ஏ3 தாளில், 1:2,000 அளவுத்திட்டத்தில் வரையப்பட்டது; அதாவது தாளில் 1 மில்லிமீற்றர் தரையில் 2 மீற்றர். 90 மீற்றர் நீளமும் 45 மீற்றர் அகலமுமான காணி அதில் 45 மில்லிமீற்றருக்கு 22.5 மில்லிமீற்றர். கடையில் அதை ஏ4 தாளுக்குள் அடக்கிக் கொடுத்துவிட்டார்கள். அப்போது ஒவ்வொரு நீளமும் 71 வீதமாகக் குறைகிறது. பரப்பளவு சரி பாதியாகிறது. ஆனால் மூலையில் அச்சாகியிருக்கும் “1:2,000” என்ற எழுத்து மட்டும் மாறாமல் அப்படியே நிற்கிறது. அதை நம்பி அளந்தால் 64 மீற்றர், 32 மீற்றர், அரை ஏக்கர். அடுத்த நாள் நாடா பிடித்து வேலியோரம் அளந்தோம். 90 மீற்றர் இருந்தது.

எழுத்தில் உள்ள விகிதத்தைப் பிரதியில் நம்புவதுதான் நான் அதிகம் காணும் பிழை. போனில் படமெடுத்து அனுப்பினாலும், விரலால் பெருப்பித்தாலும் இதுவே நடக்கும். படத்தின் அடியில் கோடாக வரைந்த அளவுத்திட்டம் இருந்தால் அதைப் பிடியுங்கள். படம் சுருங்கினால் அந்தக் கோடும் கூடவே சுருங்கும். அதனால் அது பொய் சொல்லாது. அது இல்லையென்றால், தரையில் நீளம் தெரிந்த ஒன்றைப் படத்தில் அளந்து விகிதத்தை நீங்களே கண்டுபிடிக்கலாம். பழைய பிளான்களில் இன்னொரு சிக்கல்: அவை சங்கிலிக் கணக்கு. ஒரு சங்கிலி 66 அடி; அங்குலத்துக்கு 4 சங்கிலி என்றால் 1:3,168. சென்ரிமீற்றர் அடிமட்டத்தை வைத்து அவசரப்பட்டு அளக்க வேண்டாம்.

பரீட்சை மண்டபத்தில் ஒவ்வொரு வருடமும் புள்ளி போகும் இடம் வேறு. 50,000 பெரிய எண் என்பதால் 1:50,000 படம் 1:10,000 ஐ விடப் பெரிய அளவுத்திட்டம் என்று எழுதிவிடுகிறார்கள். ஒரு தோசையை 10,000 பேருக்குப் பிய்த்தால் வரும் துண்டா பெரிது, 50,000 பேருக்குப் பிய்த்தால் வரும் துண்டா? பரப்பளவிலும் இதே தடுமாற்றம். 1:10,000 இல் ஒரு சதுர சென்ரிமீற்றர் ஒரு ஹெக்டேயர். 1:50,000 இல் அது 5 ஹெக்டேயர் அல்ல, 25 ஹெக்டேயர். கிட்டத்தட்ட 62 ஏக்கர்.

வன்னிக்காரருக்கு இன்னொன்று முக்கியம்: படத்தில் இல்லாதது தரையிலும் இல்லை என்று எண்ணிவிடுவது. இலங்கை முழுவதையும் காட்டும் 1:500,000 படத்தை விரித்தால் இரணைமடு, முத்தையன்கட்டு, வவுனிக்குளம், கட்டுக்கரைக்குளம் போன்ற பெரிய குளங்கள் எல்லாம் தெரியும். ஆனால் 200 மீற்றர் அகலமுள்ள ஒரு சிறு குளம் அதில் 0.4 மில்லிமீற்றர். பேனா முனைக்குக்கூட இடமில்லை, விட்டுவிடுவார்கள். 1:50,000 தாளில் அதே குளம் 4 மில்லிமீற்றர் நீலமாக நிற்கும். மாங்குளம், புளியங்குளம் என்று குளத்தின் பெயரிலேயே ஊர்கள் எழுந்த நிலம் இது. சிறு குளங்கள் இல்லாத படத்தைப் பார்த்து “இங்கே தண்ணீர் இல்லை, வெறுங்காடு” என்று ஒருவர் சொல்லும்போது எனக்கு வயிறு எரிகிறது.

தூரத்திலும் ஏமாறலாம். நாட்டுப் படத்தில் பூநகரியிலிருந்து யாழ்ப்பாணம் ஒரு எட்டுத்தான். நேர்கோட்டில் 30 கிலோமீற்றர்கூட இல்லை. ஆனால் 2011 இல் சங்குப்பிட்டிப் பாலம் திறக்கும்வரை, தரைவழியே போவதென்றால் பரந்தன், ஆனையிறவு என்று சுற்ற வேண்டும். பாலத்தின் நீளம் 288 மீற்றர். 1:1,000,000 படத்தில் அது 0.3 மில்லிமீற்றர் வரும். ஒரு முழுப் பயணத்தையே மாற்றிய பாலம் அங்கே கண்ணுக்குத் தெரியாது.

பாடப்புத்தகங்களிலும் அறிக்கைகளிலும் மாவட்டப் படங்களைப் பக்கத்துக்கு ஒன்றாக, தாள் நிரம்ப அச்சிடுவார்கள். யாழ்ப்பாணமும் முல்லைத்தீவும் ஒரே அளவாய்த் தெரியும். உண்மையில் முல்லைத்தீவு இரண்டரை மடங்கு பெரியது. ஒப்பிடுமுன் இரண்டு படத்தின் அளவுத்திட்டத்தையும் பாருங்கள். போனில் வரும் உலகப் படத்தில் அளவுத்திட்டம் இடத்துக்கு இடம் மாறும். வட அகலக்கோடு 60 பாகையில் உள்ள ஒஸ்லோவில், நிலநடுக்கோட்டோடு பார்த்தால் நீளங்கள் இரு மடங்காக, பரப்பு நான்கு மடங்காகத் தெரியும். நோர்வேயில் இருக்கும் மகனின் ஊரை நம் ஊரோடு அதில் ஒப்பிட முடியாது.

ஒரு மைலை ஒரு அங்குலமாகக் காட்டும் பழைய ஒரு அங்குலத் தாள்களில், அதாவது 1:63,360 இல், ஒரே உயரத்து இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடு 100 அடி உயரத்துக்கு ஒன்று. வன்னியின் சமதரையில் பல மைல் போனாலும் ஒரு கோடு குறுக்கிடாது. அதைப் பார்த்து நிலம் மட்டமானது, எங்கே வீடு கட்டினாலும் ஒன்றுதான் என்று முடிவெடுக்கலாகாது. வெள்ளத்துக்கு மூன்றடிப் பள்ளம் போதும். 2018 டிசெம்பரில் இரணைமடு நிரம்பிக் கதவுகள் திறந்தபோது கண்டாவளைப் பக்கத்தில் தண்ணீர் போன வழியை அந்தத் தாள் சொல்லியிருக்காது.

இவை எல்லாவற்றிலும் எனக்குப் பயம் தருவது, சிறு அளவுத்திட்டப் படத்தில் போட்ட எல்லைக்கோட்டைக் கணினியில் பெருப்பித்து ஒரு காணியின் மேல் வைப்பது. காட்டெல்லை, ஒதுக்குப் பிரதேச எல்லை, எதுவாகவும் இருக்கலாம். பெருப்பித்தால் எழுத்துப் பெரிதாகும், துல்லியம் கூடாது. 1:50,000 தாளில் ஒரு மில்லிமீற்றர் தடிப்புள்ள கோடு தரையில் 50 மீற்றர். அந்தக் கோட்டில் எந்த ஓரம் எல்லை? உள்ளோரமா, வெளியோரமா, நடுவா? தாள் பதில் சொல்லாது. அப்படியொரு படத்தை உங்கள் முன் வைத்தால், கோடு முதன்முதலில் எந்த அளவுத்திட்டத்தில் வரையப்பட்டது என்று கேளுங்கள்; பதிலை எழுத்தில் வாங்குங்கள்; சேவையர் வந்து தரையில் அளக்கட்டும் என்று கேளுங்கள். அந்த அம்மாவின் காணி 45 மீற்றர் அகலம். அது முழுவதும் ஒரு கோட்டின் தடிப்புக்குள் அடங்கிவிடும்.